கரும்பலகையில் ஒரு வினையடை

மாசி மாதம் வந்தால் எங்கள் ஊர்த் தனியார் பள்ளிகளில் 'ஓப்பன் கிளாஸ்' என்று ஒன்று நடக்கும். பெற்றோரை வகுப்பறைக்குள்ளேயே உட்காரவைத்துப் பாடம் நடத்திக் காட்டுவார்கள். ஏன் மாசியில்? அடுத்து அட்மிஷன் தொடங்குகிறது... வேறென்ன?

இந்த வருடம் நானும் போனேன். என் தங்கை மகள் கோமதி கூப்பிட்டாள். அவள் மகள் ஹரிணி டவுணில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவு. பள்ளியின் பெயர் வேண்டாம்.

"அவுகளுக்கு பெங்களூர்ல லீவு கெடைக்கல மாமா. அப்பா எடத்துல யாராச்சும் வரணும்லா" என்றாள். போகும் வழியிலேயே இன்னொன்றும் சொன்னாள். 'பி' பிரிவின் இங்கிலீஷ் டீச்சர் பிரேமா இந்த வருடம்தான் சேர்ந்தவர். முக்கூடலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். இன்றைய வகுப்பு நன்றாக அமைந்தால்தான் அடுத்த வருடமும் அவருக்கு வகுப்பு கிடைக்கும்.

முதலில் எல்லோரையும் 'ஏ' பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். பாடம் அட்வெர்ப். நம் இலக்கணத்தில் வினையடை. நடந்தான் என்றால், எப்படி நடந்தான் என்று சொல்கிற சொல்.

டீச்சர் கேள்வி கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின. தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லையா? கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். சில கைகள் வலது, சில இடது. டீச்சர் வலது கைகளை மட்டுமே எழுப்பினார். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது! நான் படித்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வரும்போதும் இதே ஏற்பாடுதான். அதற்குப் பிறகு பாடப் புத்தகம் எத்தனையோ முறை மாறிவிட்டது. இது மட்டும் மாறவில்லை.

"ஷீ சிங்ஸ் ஸ்வீட்லி" என்றது ஒரு வலது கை. "ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்" என்றது இன்னொன்று. யார் அந்த ஷீ? எங்கே ஓடுகிறான் அந்த ஹீ? ஒருவரும் கேட்கவில்லை. பலத்த கைதட்டல்.

அடுத்து 'பி' பிரிவு.

பிரேமா ஒரு பையனை எழுப்பி நடக்கச் சொன்னார். பிறகு, "நவ் வாக் ஸ்லோலி." அவன் விழித்தான். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் - "பைய நடலே!" வகுப்பே சிரித்தது. அவன் பைய நடந்தான். பிறகு கோபமாக நடந்தான். பிறகு திருட்டுத்தனமாக. ஒவ்வொரு நடைக்கும் ஒரு சொல்லைப் பிள்ளைகளே தேடிப் பிடித்தார்கள்.

"இப்போது உங்கள் வீட்டில் யார், எதை, எப்படிச் செய்கிறார்கள்... சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்க்க வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில். பாதிக் கைகள்தான் எழுந்தன. அந்தப் பாதியில் பொய் இல்லை.

"மை தாத்தா ஈட்ஸ் அல்வா சீக்ரெட்லி."

"ஏலே, சுகர்காரரக் காட்டிக் குடுக்கியே!" என்று பின்வரிசையிலிருந்து அவன் அப்பா சொல்ல, மறுபடியும் சிரிப்பு. எல்லோர் கையிலும் போன். எல்லா போனிலும் வீடியோ.

அப்போதுதான் ஹரிணி எழுந்தாள்.

"மை ஃபாதர் கம்ஸ் ஹோம் ரேர்லி."

பிரேமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வயதுப் பிள்ளை 'ரேர்லி' என்ற சொல்லைத் தானாகத் தேடி எடுப்பது லேசான விஷயமா? "வெரி குட். இந்தச் சொல்லைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திருத்தமாகக் கரும்பலகையில் எழுதினார். மை ஃபாதர் ரேர்லி கம்ஸ் ஹோம். வினையடைக்குக் கீழே கோடும் போட்டார்.

என் அப்பா எப்போதாவதுதான் வீட்டுக்கு வருகிறார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்த பிரேமாவுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக அழித்தார். போன்களில் ஏறியதை எந்த டஸ்டரால் அழிப்பது?

கோமதி ஊர் முழுக்க ஒன்று சொல்லி வைத்திருந்தாள் - "அவுக மாசம் ரெண்டு தடவ வந்துட்டுப் போவாக." நாங்களும் தலையாட்டி வந்தோம். அவர் கடைசியாக வந்தது ஆனித் தேரோட்டத்துக்கு. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. இந்த மாதிரிக் கணக்குகள் எனக்கு மறப்பதில்லை. ஹரிணிக்கும் மறப்பதில்லை போலிருக்கிறது.

வராந்தாவுக்கு வந்ததும் கோமதி வெடித்தாள்.

"பாடம் நடத்துதாளா, குடும்பத்த நோண்டுதாளா மாமா?"

"அவ பொதுவாத்தானே கேட்டா கோமு. சொன்னது உன் மக."

"பச்சப் பிள்ள என்னத்தையும் சொல்லும். அத போர்டுல எழுதிக் கோடு வேற போடணுமாக்கும்? வீடியோ அதுக்குள்ள எங்க மாமியார் வீட்டுக்குப் போயிட்டு. நாத்தனா போன் போட்டு, 'உங்க மக இங்கிலீஷ் பிரமாதமாப் பேசுதாளே மதினி'ன்னு சிரிக்கா..."

மேலே பேச முடியாமல் அழுதாள். 

தாளாளர் அறையில் அவளுக்கு முன்னாலேயே இரண்டு பெற்றோர் நின்றிருந்தார்கள். அல்வா தாத்தாவின் மகனும் அதில் ஒருவர். வகுப்பில் சிரித்தவர், வெளியே வந்ததும் யோசித்திருப்பார்.

"அண்ணாச்சி, நீங்க நாலும் படிச்சவுக. நீங்களே சொல்லுங்க" என்றார் தாளாளர். "அட்மிஷன் சமயத்துல பிள்ளைகள வீட்டுக் கதையப் பேச விட்டா ஸ்கூல் நடத்த முடியுமா?"

"அந்த ஒரு கிளாஸ்லதான் சார் பிள்ளைக இங்கிலீஷ் பேசுச்சு. பக்கத்து கிளாஸ்ல ஒப்பிச்சுதுக."

"அதத்தானே நானும் சொல்லுதேன். பேச விட்டா இப்படித்தான் ஆகும்!"



வாசலில் பிரேமா நின்றிருந்தார். "சாரி மேடம்... எனக்குத் தெரியாது" என்றார். கோமதி அவர் முகத்தைப் பார்க்காமல் ஹரிணியின் கையை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாளே ஹரிணியை 'ஏ' பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல மார்க் வாங்குகிறாளாம். வீட்டில் முன்னைப் போல வாயாடுவதில்லையாம். பிள்ளை தெளிந்துவிட்டது என்று கோமதிக்கு நிம்மதி.

போன திங்கட்கிழமை அதே பள்ளிக்கு மறுபடி போக நேர்ந்தது. பிரேமாவை அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வாசலிலேயே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். அட்மிஷன் விசாரிக்க வருகிறவர்களை வரவேற்கும் வேலை. வகுப்பு கிடையாது. அந்தப் பள்ளியில் தங்குதடையின்றி ஆங்கிலம் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது தாளாளருக்கு நன்றாகவே தெரியும். பொருளை எங்கே வைப்பது என்பதில்தான் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

என்னைப் பார்த்ததும் பிரேமா எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் கிராமத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து கேட்டார். "இங்கன சேத்தா எம்பிள்ள நல்லா இங்கிலீஷ் பேசிருமாம்மா?"

பிரேமா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"டெஃபினட்லி, சார்."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.