எடுக்காத போன்

போன வருசம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து எத்தாளை ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும், கொழும்பிலிருக்கும் மகள் சொன்னாள்: "உம்மா, தனிய இருந்தது போதும். எங்களோட வந்திருங்க."

மருமகன் நல்லவர், பேரப்பிள்ளைகள் தங்கம். ஆனாலும் அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். காலையில் என் தேத்தண்ணியை நானே ஊற்றிக் குடிக்க வேண்டும் எனக்கு. "கொஞ்சம் பொறு மகள்" என்று தவணை கேட்டேன்.

கை கொடுத்தது எங்கள் ஊர் முதியோர் சங்கம். அவர்கள் அனுப்பிய கொத்துவேலை மேசன் பாஸ் குளியலறைச் சுவரில் பிடித்து எழும்பக் கம்பி பூட்டினார். வாசற்படியை உடைத்துச் சரிவாகக் கட்டினார். பராமரிப்புப் பயிற்சி எடுத்த ஒரு பெண் கிழமையில் இரண்டு தரம் வந்து, "மாமி, காலைத் தூக்கி வைங்க, இழுக்காதீங்க" என்று வோக்கரோடு நடக்கப் பழக்கினாள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தனியாக இருக்கிறவர்கள் விடியற்காலை சுபஹு தொழுத பிறகு ஒருவருக்கொருவர் போன் எடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் ஊரின் மற்ற அந்தத்தில் இருக்கும் ஒரு தாத்தா, என்னைவிட மூத்த பெண். அக்காவை எங்கள் பக்கம் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். முழங்கால் வருத்தத்தில் வாசலைத் தாண்டியே கனகாலம். தொண்டைக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை.

"உசிரோட இரிக்கிறீங்களா?"

"ஓம் தாத்தா, இரிக்கிறன்."

அதற்குப் பிறகு அன்றைய கறி வரைக்கும் கதை போகும்.

ஒரு வியாழன் பின்னேரம் மகள் பெரிய பேக் ஒன்றோடு வந்து இறங்கினாள். பேக் வெறுமையாக இருந்தது. என் உடுப்புகளுக்காம். "நாளைக்குப் போறோம், உம்மா." நான் மீன் பொரிக்கப் போனேன்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, இரவு முழுக்க யோசித்த அலுப்பில் திரும்பவும் சாய்ந்தேன். உம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று மகள் என் போனின் சத்தத்தை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். பின்வேலியைத் தாண்டிக் குதித்த மேசன் பாஸ் குசினி ஜன்னலில் நின்று "மாமி! மாமி!" என்று கத்திக்கொண்டிருந்தார். முன்கதவில் பராமரிக்க வரும் பெண். தலைகூட வாராத என் மகள் கதவைத் திறந்து, "ஆரு நீங்க? என்ன வேணும்?" என்றாள்.

"மாமிக்கு என்ன நடந்த?"

வோக்கரைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வரவும், வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சாரதியின் தோளை இறுக்கிப் பிடித்தபடி இறங்கியது அந்தத் தாத்தாவேதான்.

"போனை எடுக்க ஏலாதா? செத்திட்டீங்கண்டு நான் இன்னாலில்லாஹி சொல்லப் பாத்தன்!" என்று ஏசியவர், அப்படியே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"நான்தான் போனை ஒளிச்சு வெச்ச" என்றாள் மகள், முகம் சிவந்து. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அவளே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை போதாமல் கிண்ணத்திலும் கொடுத்தாள். தாத்தா கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "மகள், கொழும்பில உங்கட பக்கத்து வீட்டில ஆரு இரிக்கிற?"

மகள் யோசித்தாள். "தெரியாது மாமி" என்றவளுக்கே சிரிப்பு வந்தது.

பின்னேரம் அந்தப் பேக்கில் முருங்கைக்காயும் கருவாடும்தான் ஏறின. பஸ்ஸுக்குப் போகுமுன் தாத்தாவின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். "உம்மா எடுக்காட்டி எனக்கும் சொல்லுங்க" என்றாள். என்னைக் கொஞ்சிவிட்டுத்தான் போனாள்.

ஆட்டோவில் ஏறி இறங்க முடியும் என்பதை அன்றைக்குக் கண்டுபிடித்த தாத்தா இப்போது வீட்டில் இருப்பதே இல்லை. போன கிழமை, "உடுத்துங்க, கடலுக்குப் போவம்" என்று என்னையும் ஏற்றிப் போனார். தோணி வந்த நேரம். ஆட்டோவுக்குள் இருந்தபடியே அவர் போட்ட சத்தத்தில் மீன்காரர் ஒரு பிடி சூடை மீனைக் கூடவே அள்ளிப் போட்டார்.