மிதிக்கக் கூடாத பலகை

குழந்தைகளுக்கு உடற்பயிற்சி பழக்குகிற பிசியோதெரபி வேலையில், அவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் நம் முட்டி தேய்ந்துவிடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடுப்பை விட்டு இறங்காதவள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து அமுதா தன் மகள் யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயசு, டவுன் சிண்ட்ரோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும். காலுக்கு வலுவும் நிதானமும் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். சமதரையில் நன்றாக நடப்பாள். படி ஒன்று வந்தால் போதும், இரண்டு கையையும் தூக்குவாள். அம்மா அவளையே தூக்கிவிடுவார்.

பெரிய கோயில் கோபுர வாசற்படியை மகள் தன் காலால் தாண்டுகிற அன்றைக்குத்தான் தானும் உள்ளே போவதாக அமுதா வேண்டிக்கொண்டு மூன்று வருஷமாம்.

"பௌர்ணமிக்கு மலைய சுத்திட்டு, வாசல்லயே கற்பூரம் ஏத்திட்டு திரும்பிடறேங்க மேடம். உள்ள எப்ப போறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பலகையோடு பகை

ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, பந்தை உதைப்பது எல்லாம் சில மாதங்களில் யாழினிக்கு வந்துவிட்டது. தரையில் ஒரு மெல்லிய பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னால் மட்டும், மிதிக்காமல் குறுக்கே தாண்டிப் போய்விடுவாள். கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், ம்ஹூம். 'பேலன்ஸ் போதாது' என்று அவள் நோட்டில் எழுதிவைத்தேன்.

ஒருநாள் பொறுமை போய், நானே பலகைமேல் ஏறி நின்று காட்டினேன். ஓடிவந்து என் சுடிதாரைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னை முறைத்தாள்.

"மிதிக்காதக்கா. சாமி வாசப்படி."

புதன்கிழமை

அட ஆண்டவா! வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று ஊர்க் கோயிலில் அம்மா தூக்கித் தாண்டும்போதெல்லாம் சொன்னதை, அவள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். நோட்டில் எழுதியதை அடித்தேன். பலகைக்கு அடியில் செங்கல் வைத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் உயர்த்தினேன். கோபுர வாசற்படியைப் போய் அளந்துவந்து வைத்த உயரத்தையும் தாண்டினாள்.

கூட்டம் கம்மியான ஒரு புதன்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனோம். படி வந்ததும் பழக்கதோஷத்தில் அமுதாவின் கை நீண்டது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். யாழினி படியைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். லேசாக ஆடினாள். அப்புறம் அடுத்த காலும் போய்விட்டது. அமுதா வெளியிலேயே நின்று அழுதுகொண்டிருக்க, உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மிதிக்காம வாம்மா."

அன்றைக்கு நான் செய்த சிகிச்சை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான், ஆனால் என் பெருமை இன்னும் குறைந்தபாடில்லை.