மணிக்குத் தொண்ணூறு ரூபாய்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் ஆறு குடமும் நிறைந்தன. ஆறு பத்துக்குக் காப்பி. ஏழரைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. எட்டு மணிக்குக் கீழே கணவரின் பட்டறையில் லேத் ஓட ஆரம்பித்தது. ஒன்பதுக்கு மாடி அறையில் கணினி முன் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு ஏஜென்ட் போன் செய்வார் என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தேன்.

நான் பம்பு வரைபடங்களைச் சரிபார்க்கிறவள். எந்த அளவு விட்டுப்போயிருக்கிறது, எந்தத் துளை அரை மில்லி தள்ளி விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சுழிப்பது வேலை. வேலை செய்வது இங்கே கோவையில் ஓர் அலுவலகத்துக்கு. ஆனால் நான் அந்த அலுவலகத்தின் ஆள் இல்லை. பெங்களூரில் இருக்கும் ஓர் ஏஜென்சிதான் என்னை ஒப்பந்தத்தில் அங்கே போட்டிருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று சம்பளமும் அவர்களே தருகிறார்கள். ஒப்பந்தம் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் முடியும். அதற்குள் ஏஜென்ட் ஒருவர் கூப்பிடுவார், அதே தொகைக்குப் புதுத் தாள் அனுப்புவார், நான் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். இப்படி இரண்டு முறை ஆயிற்று.

இந்த முறை அப்படி விடுவதற்கில்லை. எனக்குக் கீழே சேர்ந்து, என்னிடமே வேலை பழகிய ஒரு பெண், பிப்ரவரியில் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டாள். என்னைவிட மணிக்குத் தொண்ணூறு ரூபாய் கூட. அவள் சரிபார்த்ததை மறுபடி சரிபார்ப்பது நான். அன்று இரவு டைரியில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதினேன்.

அடுத்த மூன்று வாரம் தயாரிப்பு. ஏ-ஃபோர் தாளில் பதினாலு வரி, எண் போட்டு. ஏஜென்ட் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று, எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வரி: தொண்ணூறு என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வரி: சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கணவரை ஏஜென்ட்டாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

"எனக்கு மணிக்குத் தொண்ணூறு ரூபாய் உயர்வு வேணும்" என்றேன்.

"சரிங் மேடம், குடுத்தர்லாமுங்" என்றார்.

"அப்படி உடனே ஒத்துக்கிட்டா எப்படிங்க? நான் பதினாலு வரி எழுதி வச்சிருக்கேன்."

"நீ கேக்கறது நாயந்தானே அம்மணி. நாயமாக் கேக்கறவங்களுகிட்ட இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

ஒத்திகை அத்தோடு முடிந்தது.

பதினொன்றரைக்குச் சரியாகப் போன் அடித்தது. தாளை முன்னால் வைத்து, பென்சிலை முதல் வரியில் ஊன்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன்.

"அக்கா, வணக்கமுங்க. உங்க பைலப் பாத்தனுங்க, ஊரு கோயமுத்தூரு கணபதின்னு இருந்துது. எனக்கும் பக்கந்தானுங்க, காரமடை."

இதற்கு என்னிடம் வரி இல்லை. போன இரண்டு ஏஜென்ட்டுகளும் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். அவர்களிடம் பேசும்போது நானும் கொஞ்சம் வேறு ஆளாக இருப்பேன். இந்தத் தம்பி வாயைத் திறந்ததும் நான் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நிற்கிற பழைய ஆளாகிவிட்டேன்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். பதினொன்றரை மணிக்கு.

அதற்கப்புறம் பேசியதைக் கணக்காக எழுதியிருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது நிமிடம். அதில் பெங்களூர்ச் சாப்பாட்டில் உப்பு போதாதது பற்றி நான்கு நிமிடம். அவருடைய அம்மாவின் முழங்கால் வலிக்கு நான் சொன்ன வைத்தியம் ஆறு நிமிடம். அவருக்குப் பெண் பார்ப்பது பற்றி ஐந்து. பதினாறாவது நிமிடத்தில் அவராகவே வழிக்கு வந்தார்.

"சரிங்க்கா, ரினிவல் பேசீரலாமுங்க. நீங்க எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

பென்சில் முதல் வரியில்தான் இருந்தது. எண் அங்கே பெரிதாக, வட்டமிட்டு இருந்தது. நான் சொன்னேன்:

"அது... நீங்களே பாத்துப் போடுங்க கண்ணு."

எங்கள் பக்கத்தில் இதைவிட மரியாதையான பதில் கிடையாது. எதிரில் இருப்பவரின் நல்ல மனதை நம்பி எண்ணை அவர் கையில் கொடுப்பது. துணிக்கடையில், தோட்டத்தில், தறிப்பட்டறையில் எல்லாம் இதுதான் பேச்சு. அதைச் சொல்லிவிட்டு, இரண்டாவது வரிப்படி வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வரியை மட்டும் பிசகாமல் நிறைவேற்றினேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "மேலிடத்துல முப்பது ஏத்தித் தரச் சொல்லி வச்சிருக்கறனுங்க."

"ரொம்பச் சந்தோஷமுங்க" என்றேன்.

கீழே போனபோது கணவர் லேத்தை நிறுத்தினார்.

"தொண்ணூறு கேட்டயா?"

"கேக்கலீங்க."

"எவ்வளவு?"

"முப்பது."

"ஊட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னயா?"

சொல்லியிருந்தேன். அதைக் கணவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் பல்லடத்துப் பார்ட்டிகிட்ட ரேட்டு ஏத்திக் கேக்கப் போனனல்ல. ரேட்டு ஒரு ரூவா எறங்கிப்போச்சு. கோழிப்பண்ணை வச்சிருக்கறாங்கன்னு ஒரு தட்டு முட்டை குடுத்து உட்டாங்க. நீ கூட, முட்டை நல்லா இருக்குன்னு சொன்னே."

மாடிக்கு வந்து மூன்று வரைபடங்களைப் பார்த்தேன். இரண்டாவதில் ஓர் அளவு தவறு. சிவப்பில் சுழித்து, 'தவறு. திருத்தவும்' என்று எழுதினேன். வரைந்தவர் மனம் நோகுமே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் அந்த இரண்டு சொல்லையும் திரும்பப் பார்த்தேன். எழுத்தில் எனக்கு இவ்வளவு தைரியம் இருக்கிறது. வாயில்தான் இல்லை.

மூன்று நாற்பதுக்கு ஏஜென்ட்டுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஐந்தே வாக்கியம். முதல் பிரதியில் 'தயவுசெய்து' மூன்று, 'முடிந்தால்' இரண்டு, 'தவறாக நினைக்க வேண்டாம்' ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாக எடுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. கடைசி 'முடிந்தால்' மட்டும் இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பி வந்தது. நான்கரைக்கு அனுப்பினேன். தொண்ணூறு ரூபாய், அதற்கு மூன்று காரணம், கடைசியில் என் பெயர்.

நான்கு முப்பத்தேழுக்கு அவரே கூப்பிட்டார்.

"அக்கா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனுங்களா?"

"இல்ல தம்பி. நீங்க நல்லாப் பேசுனீங்க. அதனாலதான் என்னால கேக்க முடியல."

அவர் சிரித்தார். "மெயில் வந்தது நல்லதாப் போச்சுங்க. உடனே மேலிடத்துல காட்டீட்டனுங்க. வெறும் வாய்ப் பேச்சா இருந்தா முப்பதோட முடிஞ்சிருக்கும். இப்ப எழுபத்தஞ்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல ஏத்த இன்னுங் கொஞ்சம் இடம் என் கையில இருக்குதுங்க. எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க."

போதுமுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேலே வந்து அறை வாசற்படியில் நின்றிருந்த கணவர், எண்ணெய்ப் பிசுக்கான விரலைத் தன் உதட்டின் மேல் வைத்துக் காட்டினார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க்கா. ராத்திரி பஸ்ல ஊருக்கு வாரேன். விடியறதுக்குள்ள ஒரு மெயிலப் போட்டுருங்க, முழிச்சுத்தான் இருப்பேன். போன் மட்டும் வேண்டாமுங்க. போன்ல பேசுனா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அன்றைய டைரியின் கடைசி வரி: 'யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன்.' சாதனை என்று குறிக்க வேறெதுவும் இல்லை. ஒன்பதே முக்காலுக்குப் படுத்தேன்.

மார்ச் 15. ஐந்து இருபதுக்கு எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல் கணினியைத் திறந்து, தொண்ணூறு என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காமல் ஒருவரிடம் கேட்டதை அப்படியே வாங்குவது என்ன மனுஷத்தனம் என்று தோன்றியது. அழித்துவிட்டு எண்பத்தைந்து என்று அடித்து, 'ஐந்து ரூபாய் உங்களுக்காக' என்றும் சேர்த்து அனுப்பினேன். அப்போது மணி ஐந்து இருபத்தெட்டு.

ஐந்து இருபத்தொன்பதுக்குப் பதில் வந்தது. 'சரிங்க அக்கா. தாள் இணைத்திருக்கிறேன்.'

ஒரு நிமிடம். அவர் கையில் தொண்ணூறுக்கும் இடம் இருந்திருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துபோயிற்று. தாளை மூன்று முறை படித்தேன். எண்பத்தைந்து சரியாகச் சேர்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.