புல்லியில் போட்ட பட்டை

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் காரை ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு அட்டாச்மென்டில், அதாவது மாத ஒப்பந்தத்தில், ஓட்டுகிறார். மர்பி டவுனில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. மீதிப் பேருக்கு அந்தக் கார்களுக்கு யோசனை சொல்வதுதான் பிழைப்பு. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன்.

போன வருஷம் எங்கள் காருக்குப் பேய் பிடித்தது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறும். ஏசி போட்டால் கிறீச்சென்று கத்தும். பாட்டரி விளக்கு சிவப்பாக முறைக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போதே இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டது. கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர், "இன்னொரு வாட்டி நின்னா அட்டாச்மென்ட் கட்" என்று சொல்லிவிட்டார். கார் போய்விட்டால் வீட்டில் ஓடுவதற்கு என் தையல் மிஷின் மட்டும்தான் மிச்சம்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக்காரர் பாட்டரி என்றார், மாற்றினோம். பின் சீட்டில் வந்த சாஃப்ட்வேர் பிள்ளை போனைத் தடவிப் பார்த்து சென்சார் என்றது. எங்கள் வீட்டுக்காரருடைய சிநேகிதர்கள் திருஷ்டி என்றார்கள். எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. ஆடுகோடி மெக்கானிக் மட்டும் கொள்கை மாறாதவர். எது கெட்டாலும் பெல்ட்டை மாற்றுவார்.

மூன்றாவது பெல்ட் மாற்றும் நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. பூஜையை ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட்டோடு வந்து நின்றார்.

"இன்னாங்க இது?"

"போன வருஷம் வச்ச விபூதி மழையில கரைஞ்சி போச்சு. அதான் வண்டிக்கு இவ்ளோ பேஜாரு. இந்த வாட்டி பெயிண்ட்டுலயே பட்டை போட்டுடலாம்."

சாமிக்கே வாட்டர் ப்ரூஃப்! தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் கையில் பூசணிக்காய் இருந்ததால் பிரஷ் என் கைக்கு வந்தது. வெளியே பூசினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, உள்ளேயே போடு என்றார் இவர். பெல்ட் மாற்ற முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே கீழே ஒரு பெரிய இரும்பு வட்டு தெரிந்தது. பெல்ட்டைச் சுற்றுகிற கிராங்க் புல்லி என்றார்கள். அதன் குறுக்கே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை மூன்று கோடு இழுத்தேன். பூசணிக்காயை உடைத்தார்கள். வண்டி பக்தியோடு கிளம்பியது.

அடுத்த வாரமே, சிவாஜிநகரில் லைனிங் துணி வாங்கிக்கொண்டு இவரோடு ஆடுகோடிப் பக்கம் ஒரு வேலையாகப் போகும்போது, வண்டி சிக்னலில் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். சாயங்காலம் கம்பெனிக்கு பிக்கப் போக வேண்டும். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான்காவது பெல்ட்டை எடுத்துவந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். என் பட்டை உடைந்து கிடந்தது. புல்லியின் நடுப்பகுதியில் மூன்று கோடும் ஒரு பக்கம் பார்த்தன. வெளி வளையத்தில் இருந்த துண்டுகள் வேறெங்கோ போயிருந்தன.

இவரும் பார்த்தார். "ஏ, இப்டியா கோணலா போடுவே? அதான் சாமி கோச்சிக்கிச்சு!"

எனக்கு வந்ததே கோபம்! "கோணலா கோடு போட்டா எவ என்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுப்பா? நான் நேராத்தான் போட்டேன். உங்க வண்டிதான் நகுத்திடுச்சு."

"பெயிண்ட் கோட்டை வண்டி நகுத்துமா? சும்னிரு, பேசாத."

மெக்கானிக் பெல்ட்டோடு குனிந்தார். "ஸ்வல்ப நகருங்கக்கா, கெலசம் ஆவட்டும்."

கொஞ்சம் நகர்ந்தால் வேலை ஆகுமாம், அவருடைய கன்னடத் தமிழில். நான் நகரவில்லை. பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து, புல்லியின் குறுக்கே அவர்கள் கண்முன்னே புதிதாக ஒரு கோடு இழுத்தேன். "இது நேரா இருக்கா? இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க."

இவர் முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருகினார். வண்டி உதறியது, கத்தியது, அணைந்தது. மூவரும் குனிந்தோம். என் கோடு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் இருந்தது.

மெக்கானிக் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல விளக்க ஆரம்பித்தார். புல்லி ஒரே இரும்பு இல்லையாம். உள்ளே ஒரு வட்டு, வெளியே கனமான வளையம், நடுவில் கறுப்பு ரப்பர். டீசல் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் கிராங்கு என்கிற எஞ்சின் தண்டுக்கு ஒரு குத்து விழும். அந்த அதிர்வை ரப்பரும் வெளி வளையமும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். அந்த வளையத்தில் மாட்டிய பெல்ட்தான் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், ஏசியை ஓட்டும். ரப்பர் விட்டுப்போனதால் உள்வட்டு சுற்றியது, வெளி வளையம் வழுக்கியது. பெல்ட் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. நடுவில் கிடந்து குத்து வாங்கும் வேலை எனக்குப் புதிதா என்ன, சட்டென்று புரிந்துவிட்டது.

ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து புதுப் புல்லி வந்தது. மாட்டியதும் உதறலும் இல்லை, கத்தலும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. பிக்கப்புக்கு நேரத்துக்குப் போனார். அட்டாச்மென்ட் பிழைத்தது. தெருவில் பெருமை பங்கு பிரிந்தது: சாமி காட்டிக்கொடுத்தது என்றார் இவர், அனுபவம் என்றார் மெக்கானிக், சென்சார்தான் என்றது அந்தப் பிள்ளை. நான் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இவர் அதே பெயிண்ட் டப்பாவோடு வந்தார். பூசணிக்காயை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு," என்றார். பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து என் பக்கம் வைத்துவிட்டு, "நீ போட்டா நேராத்தான் இருக்கும்," என்றார்.