தலை, நடு, வால்

மூன்றாம் மாடியிலேயே அந்த நாற்றம் எனக்குத் தட்டுப்பட்டது. புளித்த கஞ்சியும் ஊறிய கால்மிதியும் ஒன்றாய்க் கிடந்து அழுகியது போல. நாலாம் மாடியில் கதவைத் திறந்த அத்தானுக்கு அது தெரியவில்லை. "வாரும் மச்சாள், தேத்தண்ணி குடிப்பம்" என்று சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், அறையைச் சூடாக்கும் சுடாக்கியின் மேல், ஈரச் சாரத்துணியில் கட்டிய மூட்டை ஒன்று நுரைத்துக்கொண்டு கிடந்தது.

"அத்தான், என்ன அது?"

"பார்லி. பயறு கட்டிறமாதிரிக் கட்டி வைச்சனான். இன்னும் முளைக்கேல்லை."

"அது இனி முளைக்காது."

"ஏன், மணக்குதோ?"

கடைசிக் கேள்வியை மெல்லக் கேட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என் மூக்கைப் பார்த்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். ரூ லூயி-பிளாங் தெருவில் நம்மவர் உணவகம் ஒன்றில் கறிச்சட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. கொரோனாக் காய்ச்சல் அவரை இரண்டாவது தடவை படுக்கையில் போட்டபோது மணம் போயிற்று. மற்றவர்களுக்கு வாரங்களில் திரும்பியது அவருக்குத் திரும்பவில்லை. சில மாதம் கரண்டிக் கணக்கிலும் கை வழக்கத்திலும் சமைத்தார், ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகொரு மத்தியானம் அடிப்பிடித்த பருப்பு அப்படியே மேசைகளுக்குப் போயிற்று. தட்டுகள் திரும்பி வந்தன. முதலாளி சத்தம் போடவில்லை. "அண்ணை, கொஞ்சக்காலம் வீட்டிலை இருந்து சுகமாக்கிக்கொண்டு வாங்கோ" என்றார். சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அத்தான் பிறகு சொன்னார்.

நகர எல்லைக்கு அப்பால், ஒபர்வில்லியேயில் உடுப்பு மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் என் சிநேகிதி வேலை செய்கிறாள். அங்கே ஒரு ஆள் தேவை, கேட்டுச் சொல் என்றாள். நான் சொன்னேன். அத்தான் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "ஒரு சோதினை வைச்சுப் பாக்கிறன்" என்றார். "மணம் வந்தால் திரும்பச் சமைக்கக் குசினிக்கு. வராட்டி கிடங்குக்கு."

அந்தச் சோதனைதான் விஸ்கி.

காது மூக்கு வைத்தியர் அவருக்கு மணப் பயிற்சி சொல்லியிருந்தார். எலுமிச்சை, கராம்பு, ரோசா, யூகலிப்டஸ் என்று சின்னச் சின்னப் போத்தல்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றாய் முகர்ந்து, அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அத்தான் விடாமல் செய்தார். ஆனால் நம்பவில்லை. "போத்தில்லை எலுமிச்சம்பழப் படம் ஒட்டிக் கிடக்கு. படத்தைப் பாத்தவுடனை மணக்கிறமாதிரித்தான் இருக்கு. கண் பொய் சொல்லுது மச்சாள்." கண்ணை மூடினால் கை போத்தலின் வடிவத்தை அறிந்து பொய் சொன்னது. அவருக்கு வேண்டியிருந்தது பொய் சொல்ல முடியாத ஒரு பொருள்.

தொலைபேசியில் எதையோ பார்க்கப்போய், தானியச் சாராயம் வடிக்கும் ஒருவனின் காணொளியில் அவர் அகப்பட்டார். வடிந்து விழுவது தொடக்கம் முதல் முடிவு மட்டும் ஒரே நிறம், தண்ணீர் நிறம். ஆனால் அது ஒரே பொருள் அல்ல. முதலில் வருவது தலை: நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கைக் கீறும், குடிக்கக் கூடாது, தள்ளிவிட வேண்டும். அடுத்து வருவது நடு: தானியமும் இனிப்பும், அதுதான் விஸ்கி ஆகப்போவது. கடைசியில் வால்: நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். எந்த இடத்தில் போத்தலை மாற்றுவது என்று கண்ணுக்குத் தெரியாது. மூக்குத்தான் சொல்லவேண்டும். அத்தானுக்குப் பிடித்தது அதுதான். விஸ்கி குடிக்கிற ஆளே இல்லை அவர், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாய்.

இந்த நாட்டில் வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

கடையில் வாங்கிய பார்லி, காய்ச்சல்காரருக்குத் தண்ணி வைக்கும் பார்லி. தோலை உரித்து முத்தாய்த் தீட்டியது, முளைக்கிற உயிர் அதில் இல்லை. பயறு முளைக்கிறதே, பார்லி ஏன் முளைக்காது என்று சாரத்தில் கட்டிச் சூட்டில் வைத்தது நாங்கள் மட்டும்தான் செய்யக்கூடிய பிழை. மூட்டையைக் குப்பைக்கு எடுத்துப்போனது நான். கீழே கட்டடக் காவல்காரி, போர்த்துக்கல் பெண், எதுவும் கேட்காமல் எனக்காகக் குப்பை அறைக் கதவைத் திறந்து பிடித்தாள். மூச்சையும் பிடித்திருந்தாள் என்று நினைக்கிறேன். படி ஏறி வரும்போது நினைத்துப் பார்த்தேன். அந்த மூட்டைக்குப் பக்கத்துச் சோபாவில்தான் அத்தான் இரண்டு இரவு படுத்திருக்கிறார், அக்காவின் இருமலுக்கு இடம் விட்டு. இருமலும் தடிமனுமாய்க் கிடந்த அக்காவுக்கும் அந்த வாரம் மூக்கு வேலை செய்யவில்லை. ஒரு வீடு முழுக்க மணமில்லாமல் கிடந்திருக்கிறது.

பிறகு பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில், முளைக்கவைத்து உலர்த்தி உடைத்த பார்லி வாங்கி வந்தார். கொதிக்காத வெந்நீரில் கரைத்து, பானையைக் கம்பளியால் சுற்றி, பிள்ளைக்குக் குளிர்ந்துவிடும் என்பதுபோல இரண்டுதரம் எழும்பிப் பார்த்தார். வடிகட்டிய சாறு தேநீர் நிறத்தில் நாக்கில் ஒட்டும் இனிப்போடு இருந்தது. ஆறவிட்டு, பேக்கரியில் பாண் சுடப் போடுகிற ஈஸ்டைத் தூவி, மூடிய வாளியைக் குளியலறையில் வைத்தார். அது இரவும் பகலும் குமிழ் விட்டது.

"குளிக்கப் போனா அது என்னோடை கதைக்குது" என்றாள் அக்கா. தடிமன் மாறியிருந்தது. "பூசைக்குப் போறம், நற்கருணை எடுக்கிறம், வீட்டுக்கு வந்து கசிப்புச் சாராயம் காய்ச்சிறம். பாதர் வந்தா வாளியை எங்கை ஒளிக்கிறது?"

"கசிப்பில்லையப்பா. விஸ்கி."

"ஓம், கோட்டுப் போட்ட கசிப்பு."

குமிழ் அடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வடித்தோம். மறுநாள் கிடங்குக்குப் பதில் சொல்லவேண்டும், சிநேகிதி அதற்கு மேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்றிருந்தாள்.

அக்காவின் பெரிய பிரஷர் குக்கர்தான் பாத்திரம். விசில் இருக்கும் இடத்தில் ஒரு செப்புக் குழாய். அது சுருள் சுருளாய்க் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் இறங்கி, அடியில் வெளியே எட்டிப் பார்த்தது. மூட்டுகளில் ஆவி கசியாமல் இருக்க அத்தான் ரொட்டி மாவைப் பிசைந்து அப்பினார். அந்தக் கை மாவைத் தொட்டதும் சமையல்காரக் கையாகிவிட்டது. இடுக்கில் மாவு போய் உட்காரும் விதத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நெருப்புத்தான் எதிரி, ஆவி பற்றிக்கொள்ளும் என்று காணொளிக்காரன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். மின்னடுப்புத்தான், யன்னலும் அகலத் திறந்து. கீழே தண்டவாளங்கள் மழையில் கறுத்துக் கிடந்தன. வடக்கு நிலையத்துக்குள் நுழையும் ரயில்கள் அந்த இடத்தில் எப்போதும் தயங்கும். உள்ளே போகட்டுமா என்று கேட்டு நிற்பதுபோல.

மாவு மெல்லக் காய்ந்து வெடித்தது. செப்புக் குழாய் அடியிலிருந்து மேலே சூடேறி வந்தது. விரலை வைத்து வைத்து எடுத்தார். பிறகு குழாயின் வாயில் ஒரு துளி தோன்றி, விழுவதா வேண்டாமா என்று நின்று, விழுந்தது.

"ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது" என்றார் அத்தான். "நான்தான் சொல்லுவன்."

அக்காவும் நானும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றோம். துளி துளியாய்ச் சின்னப் போத்தல் நிறைந்தது. எனக்கு அது உடனே தட்டியது, கூர்மையாய், கண்ணைச் சுருக்கவைத்து. வாயை மூடிக்கொண்டேன். அத்தான் குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். துளிகள் ஒரு மெல்லிய நூலாய் மாறின. அந்த நூலுக்குள் எங்கேயோ கூர்மை மழுங்கியது. பேக்கரிக்கு முன்னால் விடியற்காலையில் நடந்துபோவது போல ஒன்று எழுந்து வந்தது. இப்போது, இப்போது என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"இப்ப" என்றார் அத்தான். போத்தலை மாற்றினார்.

அக்கா கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது, அப்போது நின்றேன். இடையில் ஒரு போத்தல் நிறைந்தது. வால் வந்ததையும் சரியாய்ச் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னனான்தானே, அந்தோனியாருக்கு நேர்ந்தனான்" என்றாள்.

அத்தான் அடுப்பை அணைத்தார். நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம், அவர் சிரிக்கவில்லை. குக்கர் ஆறும் மட்டும் கதிரையில் இருந்தார். பிறகு தலை, நடு, வால் மூன்று போத்தல்களையும் எடுத்துக் குடத்தில் ஒன்றாய் ஊற்றினார்.

"ஐயோ, என்ன செய்யிறியள்?" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."

"பிறகு எப்பிடிச் சரியாச் சொன்னனீங்கள்?"

"உம்மடை மூக்கைப் பாத்துத்தான். தலை வரேக்கை சுருங்கிக் கிடந்தது. நடு வந்தவுடனை விரிஞ்சுது. இருவத்தைஞ்சு வரியமாப் பாக்கிற மூக்கெல்லோ." பிறகு என்னைப் பார்த்தார். "மச்சாளும் பெரிசாய் ஒளிக்கேல்லை. கண்ணை ஒருக்கா மூடித் திறந்தனீர்."

பிழையை மறைக்க எவ்வளவோ பேர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். சரியாய் வந்ததை ஒருவர் தானே கலைத்துவிட்டதை அன்றுதான் பார்த்தேன். அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. வடித்ததைத் திரும்ப வடிக்கலாம், இரண்டாம் முறையும் தலை முன்னாலும் வால் பின்னாலும்தான் வரும் என்று விளக்கினார். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து எல்லாவற்றையும் கழுவிய குக்கருக்குள் ஊற்றி, புதிதாய் மாவு பிசைந்து அப்பினார்.

"ரெண்டு பேரும் வெளியிலை போங்கோ. கதவைச் சாத்துங்கோ."

நடையில் நின்றோம். அந்த வீட்டின் நடை நாலு அடி நடந்தால் முடிந்துவிடும். நான் அதில் போனேன், வந்தேன், போனேன். அக்கா சப்பாத்துப் பெட்டிமேல் இருந்து செபமாலையை உருட்டினாள், உதடு அசையவில்லை. கதவுக்கு அப்பால் தண்ணீர் மாற்றும் சத்தம், கண்ணாடி கண்ணாடியில் படும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒரு மனிதர் தனக்கு என்ன இல்லை என்று அறிய ஒரு சின்ன அறைக்குள் போயிருக்கிறார். வெளியே நின்று நாங்கள் மூச்சை இழுத்தபோதெல்லாம் கதவின் கீழால் எல்லாம் வந்தது: முதலில் கூர்மை, பிறகு பாண், பிறகு நனைந்த அட்டை. எல்லாம் எங்களுக்கு.

"வாங்கோ" என்றார்.

மேசையில் மூன்று போத்தல்கள், ஒரே நிறத்தில். அத்தான் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு யன்னலோரம் நின்றார். "நீர் பாத்துச் சொல்லும்" என்றார் அக்காவிடம். "நேர்த்திக்கும் பாவத்துக்கும் பயந்து சொல்லக்கூடாது. உள்ளதைச் சொல்லும்."

அக்கா நடுப் போத்தலை எடுத்து முகர்ந்தாள். நான் தள்ளி நின்றே அறிந்துவிட்டேன். நகப்பூச்சு அதற்குள் முழுசாய்க் கிடந்தது. அவள் போத்தலை உடனே கீழே வைக்கவில்லை. அவளுக்கு வாய் நிறையப் பொய் வந்து நின்றிருக்க வேண்டும், என் வாயில் நின்றதைப் போல. அத்தான் அவள் மூக்கைப் பார்க்காமல் வெளியே ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேண்டுமென்றே.

"முந்தி மாத்திப்போட்டியள்" என்றாள்.

"எவ்வளவு முந்தி?"

"கனக்க முந்தி. பாதித் தலை உள்ளுக்கை கிடக்கு."

"வால்?"

"வாலும் கொஞ்சம் சேர்ந்திட்டுது."

அவர் தலையாட்டினார். "அப்ப நடுவிலை மட்டும் பிழை விடேல்லை" என்றார்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. அவர் கிட்ட வந்து அவள் கையிலிருந்த போத்தலை வாங்கி மேசையில் வைத்தார். "விடும். இப்பத்தான் உறுதி. அந்தச் சட்டியளுக்கு முன்னாலை நிண்டு எல்லாரின்ரை மூஞ்சையையும் பாத்துக்கொண்டு எத்தினை நாளைக்குச் சமைக்கிறது?"

அவர் குக்கரிலிருந்து காய்ந்த மாவைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினார், ஓரம் ஓரமாய், ஒரு துணுக்கும் விடாமல்.

"மச்சாள், அந்தப் பிள்ளைக்கு எடும். நாளைக்கு வாறன் எண்டு சொல்லும். சாப்பாட்டுக்கடை முதலாளிக்கு நான் நேரிலை போய்ச் சொல்லிறன்."

சிநேகிதியை அழைத்தேன். அவள் வீட்டில் பிள்ளைகளின் சத்தம்; நல்லது, காலையில் வரச்சொல் என்றாள். வதிவிட அட்டையைக் கொண்டுவரவேண்டும் என்றாள். கிடங்கில் இரும்பு முனை வைத்த சப்பாத்து அவர்களே தருவார்களாம்.

"கால் அளவு கேக்கினம், அத்தான்."

அவர் குக்கரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துவாயால் கையைத் துடைத்தார்.

"நாப்பத்திரண்டு" என்றார். "கொஞ்சம் அகலமாத் தரச்சொல்லும், முழுநாளும் நிக்கிற கால்."