தொட்டுப் பார்க்கலாமா?

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் இரண்டு வருடம் கழித்து, எனக்கு வயிற்றுக்குத்து வராத நாளே இல்லை. எல்லாம் பொய்க்குத்து. அம்மாவின் தம்பி, என் மாமா, ஆஸ்பத்திரியில் டொக்டர். இங்கிலாந்தில் வேலை எடுப்பதற்கான சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனையில் நோயாளியாக நடிக்கவென்றே ஆட்கள் இருப்பார்களாம். எங்கள் ஊர் அமிர்தகழியில் அதற்கு நான்தான் அகப்பட்டேன்.

பின்னேரங்களில் வாங்குப் பலகையில் படுத்து முனகுவேன். மாமா கதவைத் தட்டி, ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்கவேண்டும். அதை மட்டும் எப்போதும் மறந்துவிடுவார். கை நேரே வயிற்றுக்கு வந்துவிடும்.

"கேக்கல்ல! பெயில்!" என்று கத்துவேன். ஒன்பது வயதில் ஒரு டொக்டரைப் பெயிலாக்குவது லேசான சந்தோசமா? மாமா எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். பேனையைத் திறந்து திறந்து மூடுவார். வாவியைப் பார்ப்பார், திரும்பி வந்து கதவைத் தட்டுவார். இருந்த இடத்தில் இருக்க அவரால் முடியாது.

ஒருநாள் பாதியில் வாசல் படலையடியில் அழுகைச் சத்தம். வாகரைச் சண்டையில் இடம்பெயர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு தாய். தோளில் மகன் துவண்டு கிடந்தான். மாமா பெயரும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றை அமத்திக் கையை எடுத்தார், அவன் அலறினான். "அப்பெண்டிக்ஸ். இப்பவே வெட்டணும், ஏறுங்க" என்று இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

மறுநாள்தான் வந்தார், முதல்நாள் போட்டிருந்த அதே சேட்டோடு. "பொடியன் தப்பிட்டான்" என்றார்.

"ஆனா நீங்க கேக்காமத் தொட்டீங்க மாமா. பெயில்."

மாமா சிரிக்கவில்லை. "வெளிய நூறு பேர் வரிசையில நிக்கக்குள்ள எப்பிடிப் புள்ள கேக்கிற? அங்க கேக்கிறதுக்கு நேரம் இரிக்காம்."

"அப்ப இஞ்ச உள்ளவங்கள ஆர் பார்க்கிற?" என்றார் அம்மா. மாமா பேனையைத் திறந்து மூடினார்.

கடைசிச் சோதனைக்கு இங்கிலாந்துக்கே போகவேண்டும். எழுதிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அவரை ஏற்றிப்போக வாசலில் வான் வந்து நின்றபோது எனக்கு நிஜமாகவே வயிறு குத்தியது. வாங்கில் சுருண்டேன். அம்மா நடிப்பு என்று ஏசினார். மாமா மட்டும் உள்ளே வந்து முழங்காலில் இருந்தார். என் முகத்தைப் பார்த்து, முதல்தடவையாக மறக்காமல், "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

வலியையும் மறந்து துள்ளி எழுந்து, "பாஸ்!" என்று கத்தினேன்.

மாமா திரும்பி வரவில்லை, அங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டார். அனுமதி கேட்டால் மாட்டேன் என்றும் சொல்லலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது.