ரேடியோ சொல்லாமல் விட்டது

அந்தத் தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வங்கிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய சலூன். இரண்டு நாற்காலி போட்டதும் நிற்பதற்கு இடம் தேட வேண்டிய அளவு. கத்தரி ஓடும்போது வாயும் கூடவே ஓடும். எந்தக் கடையில் எடை குறைகிறது, எந்த டாக்டர் கைராசிக்காரர், யார் வீட்டு மோட்டார் எரிந்துபோனது, எல்லாம் அவரிடம் தலையைக் கொடுத்தால் தெரிந்துவிடும். முடி வெட்டிக்கொள்ளாதவர்கள்கூடப் பேச்சுக்காக வந்து உட்காருவார்கள்.

மனைவிக்குப் பல்வலி என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போன இடத்தில், சும்மா இருந்த நர்ஸ் இவர் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மனைவி ஒரு பல்லை விட்டுவிட்டு வந்தாள். இவர் பிரஷர் மாத்திரையோடு வந்தார்.

சில வாரங்களில் காதுக்குள் சத்தம் தொடங்கியது. குக்கர் விசில் அடங்கும்போது கடைசியில் மெலிதாக இழுக்குமே, அதுபோல ஒன்று. ஆனால் இது அடங்கவில்லை. வாடிக்கையாளர் "ஓரத்துல குறைங்க" என்றால் "ஓரளவு குறைங்க" என்று கேட்டது. ஒருவருக்கு அப்படியே மேலெல்லாம் குறைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

"ரேடியோவுக்கே ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்று கடையில் சிரித்தார்கள்.

"கிளினிக் டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"போனா இன்னொரு மாத்திரை எழுதுவாங்க. அதுக்கு இன்னொரு நோய் வரும். எனக்கு இது போதும்."

சவரத்துக்கு வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், முகம் முழுக்க நுரையோடு சொன்னார்: "அந்த மாத்திரைதாங்க காரணம். என் சகலைக்கும் இப்படித்தான். நிறுத்தினார், சத்தமும் நின்னுபோச்சு."

ரேடியோவும் நிறுத்தினார். சத்தம் குறைந்தமாதிரி இருந்தது. உண்மையிலேயே குறைந்ததா, குறைந்ததென்று நம்ப ஆசைப்பட்டாரா, அவருக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடையில் அதுதான் பேச்சு. டாக்டர்களுக்கே தெரியாததைத் தாம் கண்டுபிடித்துவிட்டதுபோல வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

தங்கையின் கணவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியைச் சாக்பீஸ் கோட்டின் மேலேயே மெஷினால் வெட்டும் வேலை. முடி வெட்டிக்கொள்ள வந்தால் முதலில் வம்புதான் இழுப்பார்: "உங்களுக்கென்ன மச்சான், தப்பா வெட்டினாலும் வளர்ந்துடும். நான் தப்பா வெட்டினா நூறு சட்டை போச்சு." அவருக்கும் பிரஷர் உண்டு. தங்கை தினமும் மாத்திரையை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

"எனக்கும் காதுல கொய்ங்குனு ஒண்ணு கேக்குது மச்சான். மெஷின் சத்தம்னு நினைச்சேன்."

"மெஷினாவது ஒண்ணாவது! அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை. என்னைப் பாருங்க."

மாப்பிள்ளை கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பேச்சு அதோடு வேறெங்கோ போய்விட்டது.

மழைக்காலம் வந்தபோது ரேடியோவின் காதில் சத்தம் திரும்பியது. மாத்திரை இல்லாமலே வந்தது, முன்னைவிடக் கனமாக. பின்மண்டையில் வலி வேறு. யாரிடமும் மூச்சு விடாமல் கிளினிக்குக்குப் போனார். டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றாமல் இன்னொரு தடவையும் பார்த்தார்.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

"காதுல சத்தம் வந்துச்சும்மா. மாத்திரையாலன்னு..."

"மாத்திரையாலயும் வரலாம், பிரஷர் ஏறினாலும் வரலாம். வயசு, ஹேர் டிரையர் சத்தம், என்ன வேணா இருக்கலாம். பார்த்துத்தானே சொல்ல முடியும்? ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பேனே. இப்படி நிறுத்தி, பக்கவாதம் வந்து படுத்தா என்ன பண்ணுவீங்க?"

புது மாத்திரை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும் மாப்பிள்ளையின் நினைப்பு வந்தது. போன் செய்ய எடுத்தார். இத்தனை நாள் பெருமையடித்துவிட்டு, நான் சொன்னது தப்பு என்று எப்படித் தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கடையில் நல்ல கூட்டம்.

"மச்சான் சொன்னதைக் கேட்டு நானும் நிறுத்திட்டேன். நல்லாத்தான் இருக்கேன்" என்றார் எல்லோர் காதிலும் விழும்படி. "உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தோலை உரிச்சிடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அதற்குள், ஒரு முற்பகலில், வெட்டும் மேசைமேலேயே மாப்பிள்ளை சாய்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டர் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது தங்கை தயங்காமல் சொன்னாள்: "ஒருநாள் தவறாம சாப்பிடுவார் டாக்டர். நானேதான் கையில கொடுப்பேன்." ரேடியோ சுவரோடு சுவராக நின்றார்.

தொழிற்சாலையிலிருந்து மாப்பிள்ளையின் வேலைச் சாமான் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கத்தரிக்கும் சாக்பீஸ் துண்டுகளுக்கும் நடுவே அவள் தினமும் கையில் கொடுத்த மாத்திரைகள், வாயில் போடாமலே, பொடியும் துகளுமாகக் கிடந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ரேடியோவால் தாங்க முடியவில்லை. சலூன் நாற்காலியில் வைத்து மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னது, டாக்டரம்மா திட்டியது, போனைப் பைக்குள் போட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டப்பாவை மூடினாள்.

"முதல்ல தெரியாம சொன்ன, சரி. தெரிஞ்சப்புறம் ஏண்ணா சொல்லல?"

மாப்பிள்ளை பிழைத்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை கத்தரி பிடிக்காது. பேச்சு பாதிதான் வருகிறது. வாரம் தவறாமல் ரேடியோ போய் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறார். போன தடவை மாப்பிள்ளை இடது கையால் முதலில் தன் காதைத் தொட்டார், பிறகு ரேடியோவின் காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு மாப்பிள்ளை. மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க."

நுரைக்கு நடுவே மாப்பிள்ளையின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ரேடியோ ரேசரை வெந்நீரில் அலசிவிட்டு மறு கன்னத்துக்கு வந்தார்.

தங்கை கதவைத் திறந்துவிடுகிறாள், வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறாள். முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் கேட்பாள். இப்போது துண்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.